யாரைச் சந்தேகப்படுகிறார்?

கேள்வி: முல்லைப் பெரியாறு பற்றி மலையாள சேனல்களில் வருவது எதையும் என் நண்பர் நம்புவதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுபவன்தான் அறிவாளி என்கிறார். சரிதானா? – வாசகர், கம்பம்

பதில்: உங்கள் நண்பர் எல்லாவற்றையும் சந்தேகப்படவில்லை, எல்லையிலுள்ள குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது கேரளத்திலிருந்து வருவதை மட்டும் சந்தேகப்படுகிறார். அணை பலமாக இருக்கிறது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு சொன்னபோது ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார். அதே குழு பலவீனம் என்று சொல்லியிருந்தால்? அங்கேயும் இதே கதைதான். கேரளத்தின் சார்பில் அந்தக் குழுவில் இருந்த நீதிபதி கே.டி. தாமஸ், அணை பாதுகாப்பானது என்ற முடிவுக்கு உடன்பட்டதற்காகச் சொந்த மாநிலத்திலேயே திட்டு வாங்கினார்.

ஐயத்துக்கு நம் இலக்கணக்காரர்கள் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மங்கலில் தூரத்தே ஏதோ நிற்கிறது, குற்றியோ மகனோ, அதாவது மரக்கட்டையோ மனிதனோ. இரண்டுக்கும் இடம் கொடுப்பவன்தான் ஐயப்படுகிறான். கட்டைதான் என்று வீட்டில் இருந்தபடியே சாதிப்பவனுக்கு என்ன ஐயம் இருக்கிறது?

பழைய கிரேக்கத்தில் பைரோ என்ற தத்துவவாதியின் வழி வந்தவர்கள், இரு பக்க வாதமும் சமமாக நின்றால் முடிவையே நிறுத்திவை என்றார்கள். தத்துவத்துக்குச் சரி. 1895-இல் கட்டி முடித்த அணைக்குக் கீழே குடியிருப்பவர் அப்படி இருக்க முடியாது, அவருக்கு யாராவது அளந்து பார்த்துச் சொல்லியாக வேண்டும். 1979-இல் பயம் கிளம்பி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்களே, அப்புறம்தான் மேலே கான்கிரீட் போட்டது, அணைக்குள் எஃகுக் கம்பி இறக்கி இழுத்துக் கட்டியது, பின்பக்கம் முட்டுக் கொடுத்தது எல்லாம். அந்த வேலைகளைக் காட்டித்தான் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் 142 அடி வரை நீர் தேக்க அனுமதி வாங்கினோம். எதிர்ப்பக்கத்தின் சந்தேகத்தால் நமக்குக் கிடைத்த பலம் அது, இதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை.

அணை பலமானது என்றுதான் நானும் நினைக்கிறேன், நடந்த சோதனைகளை வைத்து. ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களில் நிறைய பேர் தமிழர்கள். மழைக்காலத்தில் அவர்கள் தூங்காமல் கிடப்பதை சேனல் கிளப்பிவிட்டது என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

எந்த அளவீடு, எந்தச் சோதனை முடிவு வந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று நண்பரிடம் கேளுங்கள். பதில் இருந்தால் எழுதி அனுப்பட்டும், அடுத்த இதழில் போடுகிறேன்.