லிஸ்ட்டில் எழுதாத கல்லூரியை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். கணிதத்தில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 86. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. ரிசல்ட் வந்த கையோடு ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து ஆள் வந்துவிட்டார். பத்தாயிரம் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பிடித்து வைப்பார்களாம். கவுன்சிலிங்கில் போனால் எங்கேயோ தூரத்தில் தள்ளிவிடுவார்கள் என்கிறார். சொந்தக்காரர்களும் கம்ப்யூட்டர் தவிர வேறு எதையும் எடுக்காதே என்கிறார்கள். பிள்ளைக்கு பி.எஸ்சி. கணிதத்தின் மேலும் ஓர் ஆசை இருக்கிறது. என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், அறந்தாங்கி அருகே

பதில்: பத்தாயிரமும் வேண்டாம், ஒரிஜினலும் வேண்டாம். ஏற்கெனவே சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீடு தேடி வந்தவர் பேசுவது நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைப் பற்றி, அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடம். அதில் சேர்ந்தால் உங்கள் மகளுக்கு வரவேண்டிய பெரிய சலுகை அப்படியே போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். ஆனால் அரசின் கலந்தாய்வு (கவுன்சிலிங்) வழியாக வந்திருக்க வேண்டும். வந்தவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தெரியாததால் அல்ல.

சரி, தூரத்தில் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருவோம். 2017 வரைக்கும் கவுன்சிலிங் என்றால் சென்னைக்கு பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரை முன்னால் உட்கார்ந்து, சில நிமிடங்களுக்குள் ஒரு கல்லூரியைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அந்தப் பதற்றத்தில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தவர்களின் கதைதான் இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018லிருந்து எல்லாம் ஆன்லைன். நீங்கள் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாக எழுதித் தருகிறீர்கள். அந்த லிஸ்ட்டில் இருப்பதில் ஒன்று கிடைக்கும், அல்லது எதுவும் கிடைக்காது. நீங்கள் எழுதாத கல்லூரியை அந்த முறை கொடுக்கவே கொடுக்காது.

மகளின் கட்-ஆஃப் 200க்கு 162. கணிதம் 78 அப்படியே வரும், இயற்பியலில் பாதி 41, வேதியியலில் பாதி 43. உயிரியல் மதிப்பெண் இந்தக் கூட்டலில் சேராது. இதே கட்-ஆஃபில் பலர் இருப்பார்கள். அப்போது முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமானால்தான், விண்ணப்பித்தவர்களுக்குக் கணினி குலுக்கல்போல் கொடுக்கும் ரேண்டம் எண் எட்டிப் பார்க்கும். ரேண்டம் எண் சின்னதாக வந்துவிட்டது என்று கவலைப்பட்டு யாரும் சாப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை.

மகளின் பெயர் பொதுத் தரவரிசையிலும் இருக்கும், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுத் தரவரிசையிலும் இருக்கும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. கட்டணச் சலுகை ஒதுக்கீட்டு இடத்துக்குத்தான். அதனால் ஓர் இடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முன் அது எந்தக் கணக்கில் வந்தது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். 162ஐ வைத்துப் பொதுப் பிரிவில் என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகவும் வேண்டாம். அந்தந்தக் கல்லூரியில், அந்தந்தப் பிரிவில், உங்கள் சமூகப் பிரிவுக்குக் கடைசியாக இடம் கொடுத்த கட்-ஆஃப் என்ன என்ற முந்தைய ஆண்டு விவரங்கள் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கின்றன.

பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது லிஸ்ட் எழுதும் இடத்தில்தான். உங்கள் முறை வரும்போது கணினி லிஸ்ட்டின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே இடம் இருந்தால் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கும். கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதற்காக எந்தத் தண்டனையும் இல்லை, அடுத்த வரிக்கான வாய்ப்பும் குறையாது. ஆனால் 'இது எப்படியும் கிடைக்கும்' என்று ஒரு சுமாரான கல்லூரியை மேலே எழுதிவிட்டால் அதுவே கிடைத்துவிடும், கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று யோசித்து வரிசைப்படுத்தாதீர்கள். எது வேண்டும், அடுத்து எது வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள்.

உங்கள் ஊரில் நான் இருந்தால் இப்படித் தொடங்குவேன்: காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரியில் பிள்ளைக்குப் பிடித்த பிரிவுகள், அடுத்து செங்கிப்பட்டியில் இருக்கும் தஞ்சாவூர் அரசுப் பொறியியல் கல்லூரி, அப்புறம் பட்டுக்கோட்டை பக்கம் ராஜாமடத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி. விடுதியில் விடத் தயார் என்றால் கோவை, சேலம், திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள் இவற்றுக்கும் மேலே போகும். அதற்குக் கீழே நன்றாக விசாரித்த தனியார் கல்லூரிகள். ஐந்தாறு வரியோடு நிறுத்தாதீர்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் சேரவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். ஒன்றுபோல் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு, பெயரைப் பார்க்காமல் கல்லூரி எண்ணைப் பார்த்தே சேருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு, சுமார் இரண்டு நாள்தான். அந்த வாரம் கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போய்விட்டு போனைப் பார்க்காமல் இடத்தை விட்டவர்கள் உண்டு. கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுச் சேரலாம். அதைவிட மேலே எழுதியது கிடைத்தால் நல்லது என்றால், ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய வாய்ப்புக்குக் காத்திருப்பதாகவும் சொல்லலாம். இதில் ஒன்று கவனம்: மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. 'வேண்டாம்' என்று தொடங்கும் வாய்ப்புகளை யோசித்துத் தொடுங்கள்.

தனியார் கல்லூரியை எப்படி விசாரிப்பது? சாலையோர விளம்பரத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று போடாத கல்லூரி அபூர்வம், அதனால் அதை விட்டுவிடலாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதை ஒரு பருவத்துக்கு மட்டும் பார்க்காமல் நாலைந்து பருவங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தையும் பாருங்கள், இருபது பேர் எழுதிய கல்லூரியின் சதவீதம் பெரிதாக எதையும் சொல்லாது. தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளையும் திருத்தலையும் தாங்களே பார்த்துக்கொள்வதால் அவற்றின் தேர்ச்சியை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. நாக், என்பிஏ என்று இரண்டு தர அங்கீகாரங்களைச் சொல்வார்கள்: நாக் தரம் கல்லூரி முழுவதற்கும் கொடுப்பது, என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாகக் கொடுப்பது. கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவுக்கு என்பிஏ இருப்பதை வைத்து எல்லாவற்றுக்கும் இருப்பதுபோல் பேசுவார்கள், நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதைவிட அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) அல்லது இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) படிப்பது நல்லது. மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் பல நிறுவனங்கள் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. அதோடு மின்வாரியம், பொதுத்துறை என்ற வாசல்களும் மற்ற பிரிவினருக்குத் திறந்திருக்கின்றன.

இப்போதே செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை. சாதிச் சான்றிதழ் ஆன்லைன் சான்றாக இருக்கிறதா பாருங்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது விஏஓ, ஆர்ஐ என்று மேசை மேசையாக நகர்ந்து துணை வட்டாட்சியர் கையெழுத்துக்குப் போக வேண்டும், கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. 7.5 கிடைத்தால் இது எதற்கு என்று கேட்கலாம். பொது இடத்தில் சேரும்படி ஆனால் கட்டணத்தில் ஒரு பகுதி குறைய இதுதான் துணை. பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்குத் தலைமையாசிரியரிடம் சான்று வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் என்ற கணினி மாணவர் பதிவில் அந்த ஆண்டுகள் சரியாக இருக்கின்றனவா என்றும் கேட்டுவிடுங்கள். பெயரில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும்: மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றில் அப்பா பெயரே ஓர் எழுத்து வேறு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்து நிரப்ப வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து இலவசமாகவே செய்து தருவார்கள். பதிவு செய்யும்போது உங்கள் சொந்த போன் எண்ணையே கொடுங்கள். கடைக்காரர் எண்ணையோ, வீட்டுக்கு வந்த அந்த நபரின் எண்ணையோ கொடுத்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். லிஸ்ட்டும் அவர் இஷ்டத்துக்கு மாறும்.

பி.எஸ்சி. கணிதத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பமும் மே மாதத்திலேயே தொடங்கிவிடும், கட்டணம் ஐம்பது ரூபாய் அளவில்தான். அறந்தாங்கியிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் மகளிர் கல்லூரியும் மன்னர் கல்லூரியும் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வு முடியும்வரை காத்திருந்தால் அங்கே சேர்க்கை முடிந்திருக்கும். இரண்டுக்கும் போட்டு வையுங்கள், எதில் சேர்வது என்பதைப் பிள்ளையே ஜூலையில் முடிவு செய்யட்டும். எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் படிப்பு முடியும்வரை வரும். அதற்கு மகள் பெயரில் தனி வங்கிக் கணக்கும் அதில் ஆதார் இணைப்பும் தேவை, இதை இந்த வாரமே முடித்துவிடலாம்.