நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது? அதைப் பார்த்து எப்படித் திட்டமிடலாம்?

நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி எப்போதும் அதன் ஒரு பாதியில் படுகிறது. நிலா பூமியைச் சுற்றி வரும்போது, அந்தப் பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பது தினமும் மாறுகிறது. இதைத்தான் வளர்பிறை, தேய்பிறை என்கிறோம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.5 நாள்.

இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, கையை நீட்டி ஒரு பந்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பந்து விளக்குப் பக்கம் இருக்கும்போது உங்களுக்குத் தெரிவது இருட்டுப் பக்கம்: அமாவாசை. கால் சுற்று திரும்பினால் பாதி நிலா. விளக்குக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கினால் பௌர்ணமி.

சரி, திட்டமிடுவது? வடிவத்தைவிட நிலா எழும் நேரம்தான் முக்கியம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் வேளையில் எழுந்து விடியும்வரை இருக்கும். அப்புறம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அதனால் இரவு நடைக்குப் பௌர்ணமியும் அதற்கு முந்தைய சில நாட்களும் நல்லவை. முன்னிரவிலேயே வெளிச்சம் கிடைக்கும். பால்வீதியைப் பார்க்க அமாவாசையை ஒட்டிய இரவுகள். தொலைநோக்கியில் நிலாவையே பார்க்க வேண்டுமா? பௌர்ணமியை விட்டுவிடுங்கள். பாதி நிலாவில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து, விளிம்புகள் துல்லியமாகத் தெரியும். அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை.

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான்.