பெரிய கேமராவா, கைப்பைக் கேமராவா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள், பரதம் கற்கிறாள். பள்ளி மண்டபத்திலும் கோவில் நவராத்திரியிலும் அவள் ஆடும்போது கைத்தொலைபேசியில் எடுக்கும் படமெல்லாம் கலங்கலாக வருகிறது. 2,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். எஸ்.பி.எம். எழுதி முடித்த மகன் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்கச் சொல்கிறான். கணவரோ, "அதை யார் தூக்கிக்கொண்டு அலைவது, கைப்பையில் போடுகிற மாதிரி சின்னதாக ஒன்று போதும்" என்கிறார். ஈப்போவில் ஒரு கடையில் ஏகப்பட்ட இலவசப் பொருள்களோடு ஒரு பேக்கேஜ் காட்டினார்கள். எங்கள் தமானுக்கு வரும் ஏஜெண்ட் தவணையில் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: சகோதரி, மகன் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தக் கடையில் காட்டிய பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், அடுத்த நவராத்திரியிலும் இதே கலங்கல் படம்தான் கிடைக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆடுகிற பிள்ளையின் கையும் முகமும் தெளிவாக விழ, கேமரா ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரம்தான் கண் திறந்து மூட வேண்டும். அந்த இமைப்பொழுதுக்குள் போதுமான வெளிச்சம் உள்ளே போயாக வேண்டும். நம் பள்ளி மண்டபங்களில் வெளிச்சம் எங்கே இருக்கிறது? பேனருக்கும் மாலைக்கும் காசு இருக்கிறது, பேனரில் மக்கள் பிரதிநிதி ஒய்.பி.யின் படம் ஆளைவிடப் பெரிதாக நிற்கிறது. மேடையில் ஆடுகிற பிள்ளையின் முகத்துக்கு நேராக ஒரு விளக்குப் போட மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. மேலே இரண்டு டியூப்லைட், முடிந்தது. வெளிச்சம் போதாதபோது கைத்தொலைபேசி கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது, அல்லது பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அது சரி. ஜதிக்குத் தட்டுகிற காலுக்கு ஆகாது.

கணவர் சொல்லும் சின்ன கேமரா இந்த இடத்தில் தொலைபேசியைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடாது. அதற்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் அது ஏறக்குறைய 22-க்கு 15. பரப்பில் பன்னிரண்டு மடங்கு. ஒரே மழையில் ஒரு பால்சிரட்டையையும் ஒரு பெரிய பேசினையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மெகாபிக்சல் எண்ணைக் காட்டி யாராவது பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கேனான் ஐக்ஸஸ் 285 என்ற கைப்பைக் கேமராவுக்கு 20 மெகாபிக்சல். அதே நிறுவனத்தின் 3000டி டிஎஸ்எல்ஆருக்கு 18. எண்ணில் சின்னது ஜெயிக்கிறது, மண்டபத்தில் தோற்கிறது. அந்த ஐக்ஸஸில் 12 மடங்கு ஜூம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். முழுதாக ஜூம் செய்தால் அதன் லென்ஸின் வாய் எஃப் 7 அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதையும் போட்டிருப்பார்கள், எறும்பு எழுத்தில்.

இந்த எஃப் எண்ணை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற எந்த எண்ணும் வேண்டாம். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம். டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ், ஜூம் செய்ததும் எஃப் 5.6 ஆகிவிடும். தனியாக விற்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8. இரண்டுக்கும் நடுவே வெளிச்சத்தில் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். மங்கலான மேடையில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, 6400 வரை ஏற்றவேண்டி வந்தால், 50-க்கு அதே இடத்தில் 640 போதும். ஒன்றில் மகளின் முகம் புள்ளி புள்ளியாகக் கரகரக்கும். இன்னொன்றில் நெற்றிச்சுட்டியின் கல் தெரியும். அந்த லென்ஸ் புதிதாகவே சில நூறு வெள்ளிதான். ஆனால் எந்தக் கடைக்காரரும் அதை முதலில் எடுத்துக் காட்டமாட்டார். அதில் அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஆகவே பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) பழையதாக இருக்கட்டும். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. பலரும் உள்ளே கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' என்ற புது வகைக்கு மாறுகிறார்கள், நல்ல நிலையில் உள்ள பழைய பாடிகள் விலைக்கு வருகின்றன. (அந்தப் புது வகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் இங்கே இழுக்கவில்லை.) உங்கள் 2,000 வெள்ளியில் பாடியும் கிட் லென்ஸும் சேர்ந்து 1,300-ஐத் தாண்டக் கூடாது. மிச்சம் 50 லென்ஸுக்கும், ஒரு உபரி பேட்டரிக்கும், கடைசியில் சொல்லப்போகும் ஒரு டப்பாவுக்கும்.

கணவர் பக்கத்திலும் நியாயம் ஒன்று இருக்கிறது. அதனால் விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மகன் படிவம் ஆறு, பாலிடெக்னிக் என்று வெளியூர் போய்விட்டால் படம் எடுக்கப்போவது நீங்கள். கிட் லென்ஸோடு சேர்ந்தால் ஒரு நிக்கான் டி3500 அறுநூறு கிராமைத் தாண்டும். ஐக்ஸஸ் 147 கிராம். பெரியது அலமாரியிலேயே தூங்கிவிடும் என்று உங்களுக்கே தோன்றினால், கைப்பையில் அடங்குகிற, ஆனால் சென்சார் பெரிதான ஒரு ரகம் உண்டு. ஒரு அங்குல சென்சார் என்று கேளுங்கள். அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், சாதாரணச் சின்ன கேமராவைப்போல நான்கு மடங்கு. பார்வைக்கு எல்லாச் சின்ன கேமராவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விவரத்தாளில் "1/2.3" என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "1.0" என்று இருக்கவேண்டும். "1/2.3-இல் 2.3 இருக்கிறதே, ஒன்றைவிடப் பெரிதல்லவா" என்று கடைப்பையன் சொன்னாலும் சொல்வான். அது பின்னம், பாதிக்கும் குறைவு.

அங்கேயும் லென்ஸைப் பாருங்கள். சோனி ஆர்எக்ஸ்100 என்ற பெயரில் பல தலைமுறைகள் உண்டு, பெயரும் உருவமும் ஏறக்குறைய ஒன்றே. 2012-இல் வந்த முதலாவது, ஜூம் செய்யாதபோது எஃப் 1.8, ஜூம் செய்தால் எஃப் 4.9. மேடையில் நீங்கள் ஜூம்தான் செய்வீர்கள், ஆகவே அந்த 1.8 உங்களுக்கு உதவாது. 2014-இல் வந்த மூன்றாவது, முழு ஜூமிலும் எஃப் 2.8-இல் நிற்கும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. கேனான் ஜி7 எக்ஸ் இரண்டாம் மாடலும் எஃப் 2.8-இல் நிற்கிறது, எட்டும் தூரமும் கொஞ்சம் அதிகம். எனக்கு அதுதான் பிடிக்கும். சங்கடம் என்னவென்றால், சின்ன கேமராதான் இப்போது இளசுகளின் மோகம். பழைய சாமானுக்குக்கூடப் புதுசின் விலை சொல்கிறார்கள். இன்னொன்று, லென்ஸ் குழாய் உள்ளே வெளியே போய்வருகிற அமைப்பு. முதலில் மக்கர் செய்வது அதுதான். கழற்றி மாற்றவும் முடியாது. பழையது வாங்கினால் பத்துமுறை அணைத்துப் போட்டு, குழாய் தடையில்லாமல் வருகிறதா, கரகரவென்று சத்தம் கேட்கிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். இவ்வளவு பார்த்து வாங்கினாலும் மேடையில் அது டிஎஸ்எல்ஆர், 50 லென்ஸ் ஜோடிக்கு ஈடாகாது. முன்வரிசையில் இடம் கிடைத்தால் சமாளிக்கும்.

சரி, இப்போது அந்தப் பேக்கேஜ். பை, முக்காலி, துடைக்கும் துணி, யூவி ஃபில்டர், லென்ஸ் முன்னால் திருகும் ஒரு 'டெலி' கண்ணாடி, ஒரு ஃபிளாஷ். இவற்றில் உங்களுக்கு உருப்படியானது பை ஒன்றுதான். அந்த முக்காலி காற்றடித்தால் ஆடும், ஆடுகிற பிள்ளையை எடுக்க முக்காலியும் உதவாது. முன்னால் திருகும் கண்ணாடி படத்தை இன்னும் மங்கலாக்கும். ஃபிளாஷ் விஷயம்தான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. கேனான் 1500டி, 3000டி இரண்டின் தலையிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள், நடுவில் இருக்கவேண்டிய வட்டப்புள்ளி இருக்காது. நடுப்புள்ளியை மட்டும் நம்பிய மலிவு ஃபிளாஷை அதில் மாட்டினால் எரியவே எரியாது. அதையே அதே கேமராவோடு இலவசம் என்று கட்டிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் தனக்குத்தான் போடத் தெரியவில்லை என்று நினைத்து உள்ளே வைத்துவிடுகிறார். இலவசத்தையெல்லாம் நீக்கிவிட்டு விலை என்ன என்று கேளுங்கள். அந்த விலையைச் சொல்ல மறுக்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

நிக்கான் பக்கம் போனால் வேறொரு வலை. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்கவேண்டும். 50 மில்லிமீட்டர் 1.8 என்ற பெயரில் பழைய 'டி' ரகமும் உண்டு, 'ஏஎஃப்-எஸ் ஜி' ரகமும் உண்டு. 'டி' விலை குறைவு, மாட்டினால் பொருந்தும், படமும் விழும். ஆனால் ஃபோகஸை நீங்களே கையால் திருகவேண்டும். ஆடுகிற பிள்ளையை அப்படி எடுக்க முடியாது. அடையாளம் சுலபம்: 'டி' லென்ஸின் கழுத்தில் எண்கள் எழுதிய ஒரு வளையம் சுற்றும். அது இருந்தால் வேண்டாம்.

ஏஜெண்ட் விஷயத்தில் பெருக்கல் கணக்கு ஒன்று போதும். மாதம் 150 வெள்ளிதான் என்பார். இருபத்துநான்கு மாதம் என்றால் 3,600. அவர் தருகிற பெட்டி கடையில் 1,800. கட்டணம் தவறினால் என்ன, பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பார். எந்தக் கம்பெனி என்று தாளில் இருக்காது. தோட்டத்தில் லயத்துக்கு லயம் சட்டி பானை விற்றுப் பழகிய இந்த வியாபாரம் தமானுக்கு வந்தும் மாறவில்லை. கையில் 2,000 வைத்திருக்கும் நீங்கள் ஏன் கடனாளியாக வேண்டும்?

கடை ஏமாற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை. இது பலருக்குத் தெரிவதில்லை, தெரியப்படுத்தவும் யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் அங்கே வியாபாரியின்மேல்தான் போகலாம். முகநூலில் தன் சொந்தக் கேமராவை விற்கிற தனியாளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. உத்தரவாதத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். சின்ன ஊரில் வாங்கிய பெட்டி பழுதானால் பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம் பயணப்படும். அது திரும்பி வருவதற்குள் தைப்பூசமே முடிந்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பூஞ்சை பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதுதான் பெரிய எமன். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் தொலைபேசி டார்ச்சைப் பிடித்து, முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதனால் பாதகமில்லை. ஓரத்திலிருந்து கிளை பிரிந்து நூல் நூலாக ஓடினால் பூஞ்சை. அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு நிற்கும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு துணி அலமாரியில், பையோடு மூடி வைக்காதீர்கள். நான் சொன்ன டப்பா இதற்குத்தான்: இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் உணவு டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி போடாதீர்கள், தவிட்டுத்தூள் லென்ஸுக்குள் போகும்.

வாங்கப் போகும் நாளில் மகனையும் சொந்த மெமரி கார்டு ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேனானில் 'டிவி' (Tv), நிக்கானில் 'எஸ்' (S) என்று சக்கரத்தைத் திருப்பி, 1/250 வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஃபிளாஷ் இல்லாமல், கடையின் உள்மூலையில் மகனைக் கையை வீசச் சொல்லி எடுங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கார்டைக் கொண்டுவந்து வீட்டுக் கணினியில் விரல்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நிக்கான் என்றால் அந்தப் படக்கோப்பிலேயே, கண் திறந்து மூடும் அந்த ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண்ணும் பதிந்திருக்கும், மகனுக்குத் தேடி எடுக்கத் தெரியும். டி3500-க்கு ஒரு லட்சம்வரை தாங்கும் என்பது கணக்கு. திருப்தியானால் மறுநாள் போய்ப் பணம் கட்டுங்கள். ரசீதில் பாடிக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று என்று சீரியல் எண் இரண்டையும் எழுதச் சொல்லி, கடையின் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.