சூக்-சூ மாளிகை – கடிதம்

வணக்கம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ‘சோவியத் நாடு’ பழைய இதழ்கள் சில கிடைத்தன. பலவற்றில் நடுப்பக்கம் இல்லை, அப்பாவின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகப் போய்விட்டதாம். மிஞ்சிய ஒன்றில் சோவியத் பிள்ளைகளுக்கான ஆர்டெக் கோடை முகாமின் படம். கடல், சைப்ரஸ் மரங்கள், பழைய வெள்ளை மாளிகை, முன்னால் கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள். அந்த மாளிகை யாருடையது? படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் சித்தப்பா உருகிவிட்டார். நான் உக்ரைன் போரைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, “குழந்தைகள் விஷயத்தில் அரசியலைக் கலக்காதே” என்று கோபித்துக்கொண்டார். அவர் சொல்வது சரியா? இதழ்களைப் பழைய பேப்பர் கடையில் போடவும் மனம் வரவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சூக்-சூ மாளிகையாகத்தான் இருக்கும். கிரீமியாவில், கருங்கடலோரம், குர்சூஃப் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில் பாலங்கள் கட்டிய விளாதிமிர் பெரேசின் என்ற பொறியாளர் வாங்கிய நிலம் அது. அவருக்குப் பிறகு அவர் துணைவி ஓல்கா சொலவ்யோவா தனியாகவே அங்கே ஒரு கடற்கரை ஓய்விடத்தை நடத்தினார். 1903இல் திறந்த அந்த ஓய்விடத்தின் காசினோதான் நீங்கள் பார்த்த மாளிகை. வரைந்தவர் நிக்கலாய் கிராஸ்னோவ். பின்னாளில், 1945இல், ஸ்டாலினும் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கூடிய யால்டா மாநாடு நடந்த லிவாதியா அரண்மனையும் அவர் கைவண்ணம்தான். ரஷ்ய ஓபரா பாடகர் ஷல்யாபின் இங்கே வந்து தங்கி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையை ஓல்காவிடமிருந்து வாங்கினார். அதன்மேல் இளம் கலைஞர்களுக்கு ஒரு கோட்டை கட்ட ஆசைப்பட்டார். அதற்குள் 1917 புரட்சி வந்துவிட்டது. அவரும் நாட்டைவிட்டுப் போனார், ஓல்காவும் எல்லாவற்றையும் இழந்து பிரான்சுக்குப் போனார்.

முகாம் தொடங்கியது 1925 ஜூனில். காசநோய் பாதிப்புள்ள பிள்ளைகளுக்குக் கடல் காற்று நல்லது என்று ரஷ்யச் செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் ஸினோவி சொலவ்யோவ் ஆரம்பித்தது. (ஓல்காவுக்கும் இவருக்கும் உறவில்லை, குடும்பப்பெயர்தான் ஒன்று.) முதல் கோடையில் வந்த 80 பிள்ளைகளும் துணிக்கூடாரங்களில்தான் தூங்கினார்கள். மாளிகை முகாமோடு சேர்ந்ததெல்லாம் 1937 வாக்கில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயத் தூக்கம் உண்டு, அதற்கு ஆர்டெக் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘அப்சல்யூட்’. அந்த நேரத்தில் மூச்சுவிடக் கூடாது!

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 1941ஆம் ஆண்டுக் கோடைதான். ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தபோது ஒரு தொகுதிப் பிள்ளைகள் அப்போதுதான் முகாமுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். மற்றவர்களைப் பெற்றோரிடம் அனுப்பிவிட்டார்கள், ஆனால் பால்டிக் பகுதியிலிருந்தும் மேற்கு எல்லையிலிருந்தும் வந்த சுமார் 200 பேருக்குத் திரும்பிப்போக வீடே எதிரியின் கையில். கிரீமியாவிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து ஸ்டாலின்கிராட், போர் அங்கேயும் துரத்திவர கடைசியில் சைபீரியாவின் அல்தாய் பகுதியில் பெலகூரிஹா என்று ஊர் ஊராக அலைந்து, ஒரு மாத லீவுக்கு வந்த பிள்ளைகள் முகாமிலேயே மூன்றரை வருஷம் வளர்ந்தார்கள். பிள்ளைகளை அநாதையாக விடாமல் கூடவே போன முகாம் ஊழியர்களை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது. மாளிகையும் அந்தப் போரில் எரிந்தது, பின்னால் புதுப்பித்தார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதே கடற்கரையில் நடந்த இன்னொன்றைச் சொல்ல மாட்டார்கள். குர்சூஃப், கிரீமியாவின் பூர்வகுடி முஸ்லிம் மக்களான கிரீமியத் தாத்தார்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். 1944 மே 18 விடியற்காலையில் சோவியத் படையினர் கதவைத் தட்டி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். கிரீமியா முழுக்க கிட்டத்தட்ட 1,90,000 பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றினார்கள், பெரும்பாலோரை உஸ்பெகிஸ்தானுக்கு. அவர்களில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். அதே கோடையில் முகாம் மறுபடி பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் டிரங்குப் பெட்டி இதழ்களில் இது இருக்க வாய்ப்பே இல்லை.

சித்தப்பா உருகுவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 1955இல் நேரு இந்திராவோடு ஆர்டெக்குக்குப் போனார். ‘சோவியத் நாடு’ நேரு விருது வந்தபிறகு, ஓவியப் போட்டியில் ஜெயித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்டெக் பயணமே பரிசு. 1983இல் சமந்தா ஸ்மித் என்ற அமெரிக்கச் சிறுமியும் வந்து தங்கினாள். அந்தப் பிள்ளைகளின் நட்பு உண்மை. ஆனால் “அரசியலைக் கலக்காதே” என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காசநோய்ப் பிள்ளைக்குக் கடற்கரை கிடைத்ததும் அரசியல், தாத்தார் பிள்ளை சரக்கு வண்டியில் ஏறியதும் அரசியல்தானே? 2014இல் ரஷ்யா உக்ரைனிடமிருந்து கிரீமியாவைக் கைப்பற்றியது. போர் தொடங்கியபின் உக்ரைன் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று என்று ஆர்டெக் மீது 2023 ஆகஸ்டில் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. பெற்றோரிடம் திரும்பமுடியாத பிள்ளைகளை ஒரு காலத்தில் அப்படிப் பொத்திப் பாதுகாத்த முகாம் இது! ஆர்டெக்கை நேசிப்பவர்கள்தான் முதலில் கோபப்பட வேண்டும். சித்தப்பாவிடம் 1941 கதையையும் இதையும் சேர்த்தே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், இதழ்களைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். முகாம் படமுள்ள பக்கத்தை, கீழே உள்ள குறிப்பும் இதழின் தேதியும் தெரியும்படி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சென்னையில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, நடுப்பக்கம் இல்லாததையும் சேர்த்தே அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.