பெயருக்கு டைரக்டர் ஆகாதீர்கள், தம்பி

உங்களுக்கு 23 வயது, லண்டனில் முதுகலை படிக்கிறீர்கள், மாணவர் விசா. எந்தத் தொழிலில் லாபம், லோன் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, தெரிந்த அண்ணன் ஒருவர் தன் கம்பெனியில் டைரக்டராகச் சேரச் சொல்கிறார், சேரலாமா என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பக்கென்றது. எந்தத் தொழில் என்பது உங்கள் கைக்கு எது வருமோ அதைப் பொறுத்தது, அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சட்டம். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, கம்பெனி டைரக்டராக இருப்பதும் அந்தக் கணக்கில்தான். பட்டப்படிப்பு மாணவர் என்றால் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். டெலிவரி ஆப்பில் ஓட்டுவதும் சுயதொழில் கணக்கில்தான் சேரும். அடுத்தவர் அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அந்தக் காசுக்காக விசாவையே பணயம் வைக்கிறார்கள். படிப்பை முடித்து, அதன் பிறகு இங்கேயே தங்கி வேலை பார்க்கக் கொடுக்கும் கிராஜுவேட் விசா வாங்கிவிட்டால் சுயதொழில் தாராளமாகச் செய்யலாம். அதுவரை பொறுங்கள்.

நான் வந்தது 2009இல், உங்கள் வயதில்தான். படித்து முடித்ததும் அப்போது இருந்த போஸ்ட் ஸ்டடி விசா கிடைத்தது. 2012இல் அதை மூடிவிட்டார்கள். அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்தேன். விடியற்காலை நாலரை மணிக்கு வேக்யூம் கிளீனரை பஸ்ஸில் ஏற்றுவேன். கால்களுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்வேன், பிரேக் போட்டால் உருண்டுவிடும். இரண்டு அலுவலகம் நான்கானது. அந்த நேரத்தில்தான் ஓர் அண்ணன் வந்தார். நம்மவர், நன்றாகப் பேசுவார், பெரிய கார். "கடை எடுக்கிறேன், நீ டைரக்டரா இரு, உழைப்பெல்லாம் என்னோடது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை.

ஒரு மாலை, கார் பானெட்டின் மேலேயே காகிதங்களைப் பரப்பினார். காற்றில் பறக்காமல் இருக்கச் சாவிக்கொத்தை வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். நான் ஒட்டுத்தாளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன், அதற்கு மேலே இருந்த வரிகளைப் படிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று அவருடைய டிரைவரைக் கூப்பிட்டார். அது ஏன் என்று அப்போதாவது கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் பர்சனல் கேரண்டி. கம்பெனி வாடகை கட்டாவிட்டால் என் சொந்தப் பணத்தில் நான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லிமிடெட் கம்பெனி என்றால் கடன் கம்பெனியோடு போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் கேரண்டியில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும். புதிய கம்பெனி என்றால் கடைக் கட்டடச் சொந்தக்காரர்கள் இதைத்தான் கேட்பார்கள். பதினான்கு மாதம் கழித்து அண்ணனின் போன் அணைந்துவிட்டது. வாடகைப் பாக்கிக் கடிதம் என் அறை வாசலில் கிடந்தது. கூரை, கதவு பழுதுக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்று லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், இருந்தது, அந்தச் செலவும் சேர்ந்தது. மூன்று வருடம் தவணை கட்டினேன். சொந்த ஊர்க் கல்யாணம் எதற்கும் போகவில்லை.

இவர்கள் ஏன் சின்னப் பையன்களைத் தேடுகிறார்கள் தெரியுமா? அவர்களுடைய பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கும். பழைய கம்பெனி வரிப் பாக்கியோடு மூடியிருக்கும், அல்லது கோர்ட் தீர்ப்பு இருக்கும். சிலர் டைரக்டராக இருக்கவே தகுதி நீக்கம் செய்யப்பட்டிருப்பார்கள், அது 2 வருடத்திலிருந்து 15 வருடம் வரை போகும். ஒருவர் தகுதி நீக்கம் ஆனவர் என்று தெரிந்தே அவர் சொல்படி நீங்கள் கம்பெனியை நடத்தினால் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. ஆகவே இன்றைக்கே, இங்கே கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் உங்கள் அண்ணன் பெயரைப் போட்டுத் தேடுங்கள், இலவசம். இதுவரை எத்தனை கம்பெனி தொடங்கினார், எத்தனை மூடினார் என்று வரிசையாக வரும். 2025 நவம்பர் 18 முதல் டைரக்டர்கள் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும், எனவே பெயருக்கு என்று ஒன்று இல்லவே இல்லை. உங்கள் முகம்தான் அங்கே நிற்கும்.

நம்மவர்கள் எல்லாரும் அப்படியா என்றால் இல்லை. எனக்கு முதல் அலுவலக வேலையைக் கைகாட்டியவரும் நம்மவர்தான், ஒரு காசு வாங்கவில்லை. ஆனால் நம் பாஷையில் பேசுகிறார் என்பதற்காகவே படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னால் நம்பவில்லையா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

லோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு ஆதரவில் ஸ்டார்ட் அப் லோன்ஸ் இருக்கிறது, 25,000 பவுண்டு வரை. அது உங்கள் பெயரிலேயே வாங்கும் கடன், விசாக் காலமும் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இந்தியா, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் என்பதால் இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம். சேருங்கள், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் கிரெடிட் வரலாற்றுக்கு அது உதவும்.

தனியாகத் தொடங்கினால், வரி கட்டக் கடைசி நாளான முதல் ஜனவரி 31இல் கவனம். வரி 2,000 பவுண்டு என்றால் பெரும்பாலும் 3,000 கேட்பார்கள், அடுத்த வருடத்துக்கான பாதி முன்பணம் அதில் சேரும். ஜூலையில் இன்னொரு 1,000. வந்த பணத்தில் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். இன்று என்னிடம் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள், என் வரிக் கணக்கை இன்னும் நானே முதலில் எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது அந்த மூன்று வருடம்தான்.

அண்ணனிடம் விசா அனுமதிக்காது என்று சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட. கிராஜுவேட் விசா வந்த பிறகும் அவர் கேட்டால், கையெழுத்துப் போடச் சொல்லி அவர் நீட்டும் காகிதங்களின் நகலை வாங்கி, அவர் சொல்லும் வக்கீலிடம் இல்லாமல் நீங்களே தேடிப் பிடித்த வக்கீலிடம் கொண்டுபோங்கள்.