ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, டிமென்ஷியா (மறதிநோய்). கோவையில் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று மாதம் 32,000. இன்னொன்று 48,000, ஏசி, தோட்டம், பிசியோதெரபி அறை எல்லாம் உண்டு. எது நல்லது? (மஸ்கட் வாசகர்)

பதில்: தோட்டம் வரைக்கும் எழுதியவர், அங்கே எத்தனை ஆயாக்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! பகல் பதினோரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். மறதிநோயில் சிக்கல் தொடங்குவதே பொழுது சாய்ந்த பிறகுதான். பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவார்கள், நடு ராத்திரியில் எழுந்து நடப்பார்கள். அப்போது மாடிக்கு ஒரே ஆள், அவரும் தூங்கிக்கொண்டிருந்தால், விழுந்து இடுப்பெலும்பு முறியத்தான் செய்யும். ஊரிலிருக்கும் உறவினர் யாரையாவது சாயங்காலம் ஆறரைக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே விட மறுத்தால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

"மொத்தம் இருபது ஸ்டாஃப்" என்பார்கள். சமையல்காரர், வாட்ச்மேன், ஆபீஸ் பெண் எல்லாரும் அதில் அடக்கம். ராத்திரி விழித்திருப்பவர் எத்தனை பேர், ஒருவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்று தனியாகக் கேட்டு, டியூட்டி ரிஜிஸ்டரையும் காட்டச் சொல்லுங்கள். எட்டுக்கு மேல் போனால் எனக்கு ஒப்பாது.

படுக்கைப்புண் வராமலிருக்க, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கட்டிலருகே அதற்கு ஒரு தாள் தொங்கும். காலை ஒன்பது மணிக்கே அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் கையெழுத்து விழுந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டித்தான் ஆக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்: நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் ஊட்டுகிறார்களா, சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்கிறார்களா? அவசரமாகத் திணித்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். மாதாமாதம் எடை எழுதும் நோட்டையும் கேளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகப் பதிவுச் சான்று நகல் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். இத்தனையும் 32,000 ரூபாய் இடத்தில் சரியாக இருந்தால் அங்கேயே சேருங்கள்.

கேள்வி: சேர்த்ததிலிருந்து அம்மா பகலெல்லாம் தூங்குகிறார். "செட் ஆகிட்டாங்க" என்கிறார்கள். (திருச்சி)

பதில்: மாத்திரை செட் ஆக்கியிருக்கலாம். மருந்து சார்ட்டை வாங்கிப் பாருங்கள். மனநோய்க்குத் தரும் மருந்துகளான ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008-இல் பழைய வகைக்கும் எச்சரிக்கை போட வைத்தது. சிலருக்கு இவை தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் எழுதியது எந்த டாக்டர், எதற்காக, எத்தனை மி.கி., எப்போது குறைப்பார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், ராத்திரிக்கு ஆள் போடாமல் மாத்திரை போடுகிற வேலை இது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; டாக்டரைக் கேளுங்கள். சார்ட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால் இன்னும் அவசரம்: மூத்திரத் தொற்று, சோடியம் குறைவு எதுவாகவும் இருக்கலாம், இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் கட்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டெபாசிட் 1.5 லட்சம் கட்டினோம். மூன்றாம் வாரமே அம்மா தவறிவிட்டார். திருப்பிக் கேட்டால், ரசீதில் 'நன்கொடை' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். (மதுரை)

பதில்: துக்கத்தில் இருக்கிற வீட்டில் இப்படியுமா! உங்கள் மேல் தப்பில்லை. டெபாசிட்டை நன்கொடை என்று எழுதித் தருவது பழைய வித்தை. அவர்கள் 'டெபாசிட்' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, கட்டண அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வாரிசும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: டயப்பர், பிசியோ, தனி அட்டெண்டர் என்று மாதம் 11,000 கூடுதலாக பில் வருகிறது. ஒப்பந்தத்தை நாங்கள் படிக்கவில்லை. (சேலம்)

பதில்: இப்போதாவது படித்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். முதலில் படியுங்கள். டயப்பரை நீங்களே வாங்கித் தர அனுமதி கேளுங்கள். பாக்கெட் விலையைப் பார்க்காமல் ஒரு பீஸ் என்ன விலை என்று கணக்குப் போடுங்கள், இடுப்பை அளந்து சைஸ் எடுங்கள். ரொம்ப மலிவும் வேண்டாம். ஆஃபரில் நான் வாங்கிய பெட்டி முழுக்க ஒழுகல்.

கேள்வி: டிரஸ்ட் நடத்தும் இல்லம், மாதம் 22,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் போடுகிறார்கள். அம்மாவுக்கு 71 வயது. (வேலூர்)

பதில்: 1961 வருமான வரிச் சட்டத்தின் 12ஏஏ அல்லது 12ஏபி பிரிவில் பதிவுள்ள டிரஸ்ட் என்றால், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சாப்பாடு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வரிவிலக்கு உண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் அப்பாவையே கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அவருக்கு என் பெயரே நினைவில்லை. செல்லுமா? (தஞ்சாவூர்)

பதில்: செல்லாது. என்னவென்று புரியாமல் வைத்த கைநாட்டுக்கு 1872 ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பில்லை. பவர் பத்திரமும் இப்படி வாங்கியிருந்தால் அதுவும் அப்படியே.