பந்தில்லாத ரக்பி

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேரின் ‘லெ மில்லியோன்’ (1931) படம் பார்த்தேன். மெதுவாகப் போனதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். லாட்டரிச் சீட்டு கோட்டுப் பையில், கோட்டு கைமாறிக்கொண்டே போகிறது. கதை அவ்வளவுதானே? பாதிப் பாட்டுகளுக்கு சப்டைட்டிலும் இல்லை. வரிகள் புரியாமல் எதை இழந்தேன்?

க.

அன்புள்ள க.,

பாட்டு வரியை அப்புறம் பார்ப்போம். ஒன்றரை மடங்கு வேகமா? எப்படி ஐயா மனம் வந்தது?

கதை அவ்வளவுதான். மேடை நாடகத்திலிருந்து எடுத்தது. அதை விடுங்கள்.

ஆப்பெரா என்னும் இசைநாடக அரங்கின் பின்புறம் கோட்டுக்காக நடக்கும் அடிதடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கோட்டைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து ஓடுகிறான். மற்றவர்கள் மேலே விழுந்து குவிகிறார்கள். திடீரென்று கூட்டத்தின் ஆரவாரம், நடுவரின் விசில்! பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுபவனை மற்றவர்கள் மேலே விழுந்து மடக்கும் ரக்பி ஆட்டத்தின் சத்தம். திரையில் மைதானம் இல்லை, பந்து இல்லை, ‘ரக்பி மாதிரி’ என்று சொல்ல ஆளும் இல்லை. சத்தம் மட்டும் வேறெங்கிருந்தோ வந்து உட்காருகிறது.

அன்றைய பேசும்படங்கள் பலவற்றில் கதவைக் காட்டினால் கதவுச் சத்தம், வாயைக் காட்டினால் வசனம். கிளேருக்கு அது பிடிக்கவில்லை. 1929இல் ‘பிராட்வே மெலடி’ என்ற அமெரிக்கப் பேசும்படத்தில் அவர் வியந்து எழுதிய இடம் ஒன்று: காரைக் காட்டாமல், ஜன்னலோரம் நடிகை பெஸ்ஸி லவ்வின் முகத்தை மட்டும் காட்டி, கதவு சாத்துவதையும் கார் கிளம்புவதையும் கேட்கவைப்பது. அங்கே சோகத்துக்கு உதவியதை இங்கே சிரிப்புக்குத் திருப்பிவிட்டார்.

நீங்களே செய்து பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் வெறும் கோட்டுச் சண்டை. கண்ணை மூடிக் கேட்டால் ஏதோ ஆட்டம். இரண்டிலும் சிரிப்பு வராது. ஆரவாரம் எழுந்து, ‘அட, ரக்பி!’ என்று மனம் கண்டுகொள்ள ஒரு நொடி வேண்டும். நீங்கள் முடுக்கியதில் போனது அந்த நொடி.

இன்னொன்று, அக்காலத்தில் ஒலித்தடம் பிலிமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டதால் படம் ஏறக்குறைய சதுரம். திரையை நிரப்பப் பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும். இந்தப் படத்தின் செட்டுகளை அமைத்த லசார் மேர்சோன் நடிகர்களுக்கும் பின்னணிக்கும் நடுவே மெல்லிய வலைத்துணி கட்டியிருக்கிறார். அதனால்தான் ஆட்கள் பளிச்சென்று நிற்க, பின்னால் பாரிஸ் கனவுபோல மங்குகிறது. பிரதி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பாட்டு என்றால் ஆப்பெரா மேடைக் காதல் பாட்டு ஒன்றுக்காவது வரி தெரிய வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழும் இரண்டு பருத்த பாடகர்கள் மேடையில் உருகுகிறார்கள். செட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நாயகன் மிஷேலும் அவன் காதலி பெயாத்ரீஸும் பேச முடியாது, மூச்சு விட்டாலே கேட்டுவிடும். பாடகர்களின் வரியைக் கேட்டுத்தான் அவர்கள் ஊடல் தீர்கிறது. அதற்கு சப்டைட்டில் உள்ள பிரதியாகத் தேடுங்கள், சாதாரண வேகத்தில் பாருங்கள்.